கம்பி உடையுற சத்தம்

இதுவா அண்ணாச்சி? இல்ல, ஸ்வீட் இல்ல. காதடைப்பான். காதுக்குள்ள வைக்கிறது. பெட்டி முழுக்க அதுதான். உங்க பக்கம் இடிக்குதா? மடியிலயே வெச்சுக்கறேன். மேல வெச்சா அந்த வெள்ளரிக்கா மூட்டை அமுக்கிரும். அமுங்கினாலும் கெட்டுப் போகாது, ஸ்பாஞ்சு மாதிரிதான் இருக்கும். ஆனாலும் பிள்ளைங்க கையில குடுக்கும்போது பெட்டி நல்லா இருக்கணும் பாருங்க.

என் பிள்ளைங்களா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல அண்ணாச்சி. மாணவர்களைச் சொன்னேன். கோவில்பட்டி தாண்டி ஒரு பல்கலைக்கழகத்துல வேலை பாக்கறேன். இன்ஜினியரிங், சிவில். முன்னால அது காலேஜா இருந்துச்சு, இப்ப பல்கலைக்கழகம் ஆயிருச்சு. தாளாளரா இருந்தவர் வேந்தர் ஆயிட்டார். போர்டு மாறிருச்சு, கேன்டீன் சாம்பார் அதேதான்.

இந்தாங்க, கார்டு வெச்சுக்குங்க. 'பேராசிரியர் மாரீஸ்வரன்'னு அச்சுல இருக்கா? அதுக்கு முன்னால பேனாவுல 'உதவி'ன்னு எழுதியிருக்கேன், பாருங்க. எங்கப்பாவுக்கு சிவகாசியில காலண்டர் பிரஸ்ல பைண்டிங் வேலை. எனக்கு ஆர்டர் வந்த அன்னைக்கே பிரஸ்ல சொல்லி மீந்த அட்டையில இதை அடிச்சுட்டார். "ப்பா, நான் உதவிப் பேராசிரியர்தான். பேராசிரியர் ஆக இன்னும் ரொம்ப வருசம் ஆகும்"னு சொன்னேன். "அதனால என்ன, அட்டை கெட்டி அட்டை, அதுவரைக்கும் கிழியாது"ன்னுட்டார். கெட்டி அட்டைதான், அதை மறுக்கல. ஆனா உள்ளதைத்தானே சொல்லணும். ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து எல்லாக் கார்டுலயும் 'உதவி' எழுதி முடிச்சேன். எங்கப்பா அன்னைக்குப் பூரா என்கூடப் பேசல.

எங்க வீட்ல காலேஜ் படிச்சது நான்தான் மொதல்ல. அதனால இந்த வேலை போச்சுன்னா எனக்கு மட்டும் போற மாதிரி இல்ல. பிரஸ் வாசல் டீக்கடையில எங்கப்பா என்னைப் பத்திப் பேசாம ஒரு டீ குடிக்க மாட்டார். அந்தப் பேச்சும் சேர்ந்து போயிரும். போக இருந்துச்சு அண்ணாச்சி. போன மாசம் போக இருந்துச்சு. எதனாலன்னு கேட்டா நீங்க நம்ப மாட்டீங்க. ஒரு சத்தத்தால.

கோவில்பட்டி வரைக்கும் வர்றீங்கல்ல? அப்ப நேரம் இருக்கு, மொதல்ல இருந்து சொல்றேன்.

எங்க லேப்ல ஒரு மிஷின் இருக்கு. கம்பியை இழுத்து உடைக்கிற மிஷின். வீடு கட்டுறோம், பாலம் கட்டுறோம், உள்ள போடுற இரும்புக் கம்பி எவ்வளவு தாங்கும்னு தெரியணும்ல? மேல ஒரு தாடை, கீழ ஒரு தாடை, நடுவுல கம்பியைக் கடிக்கக் குடுத்து எண்ணெய் அழுத்தத்துல இழுக்கும். பக்கத்துல பெரிய கடிகாரம் மாதிரி ஒரு டயல், அதுல ஒரு கறுப்பு முள், ஒரு சிவப்பு முள். கறுப்பு முள் சுமையைக் காட்டும். போகும்போது சிவப்பு முள்ளையும் தள்ளிக்கிட்டே போகும். ஒரு இடத்துக்கு மேல கறுப்பு முள் மெதுவா திரும்பி வரும். சிவப்பு அங்கயே நிக்கும். அப்ப கம்பியைப் பாத்தா நடுவுல ஒரு இடம் மெலிஞ்சிருக்கும். கழுத்து விழுறதுன்னு சொல்லுவோம். அதுக்கப்புறம்தான் உடையும்.

உடையுறதுன்னா சும்மா இல்ல அண்ணாச்சி. டமார்னு ஒரு சத்தம். கட்டடமே ஒரு தடவை தும்மின மாதிரி இருக்கும். சத்தம்கூடப் பரவாயில்ல, அதுக்கு முன்னால இருக்கே அந்த நேரம், அதுதான் ஆளைக் கொல்றது. வரும்னு தெரியும். எப்ப வரும்னு தெரியாது. முள் திரும்பி வருது, கழுத்து மெலியுது, இப்ப இல்ல, இப்ப இல்ல, இப்ப இல்ல... நாம கொஞ்சம் அசந்து ஒரு பையனோட நோட்டைப் பாக்கும்போது, டமார்.

நான் கொஞ்சம் பின்னால நகருவேன்.

பொய் சொல்லக் கூடாது. குதிப்பேன். ரெண்டு காலும் தரையை விட்டுரும். ஒரு தடவை கையில இருந்த ஸ்கேல் ஃபேன்ல பட்டுத் திரும்பி வந்துச்சு.

சிவகாசிக்காரன் வெடிச் சத்தத்துக்குப் பயப்படலாமான்னுதானே கேக்கறீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. சிவகாசின்னா வெடி மட்டும்தானா? பாதி ஊர் பிரஸ். நாங்க பிரஸ் பக்கம். தீபாவளி அன்னைக்கு எங்க தெருவுல மொத வெடி வெடிச்சதும் நான் பாத்ரூமுக்குள்ள போயிருவேன். எங்கம்மா பலகாரத்தைத் தட்டுல வெச்சுக் கதவுக்குக் கீழ தள்ளி விடுவாங்க. அதிரசம் பாத்ரூம்ல உக்காந்து சாப்பிட்டா ருசி மாறிரும்னு சொல்றது பொய். நல்லாத்தான் இருக்கும்.

ஆனா குதிக்கிறதுல ஒரு நிம்மதி என்னன்னா, யாரும் பாக்க மாட்டாங்க. எப்படிப் பாப்பாங்க? எல்லார் கண்ணும் கம்பி மேல இருக்கும். கம்பி உடையுற நேரத்துல வாத்தியாரை எந்தப் பையன் பாப்பான்? அதனால ரெண்டு வருசமா கவலை இல்லாமக் குதிச்சுக்கிட்டு இருந்தேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்ல.

என் லேப்பைப் பத்தி நானே சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அது. எந்த லேப்லயும் அந்த நேரத்துல பாதிப் பேர் இருக்க மாட்டான், ஊருக்குப் பஸ் ஏறிருவான். என் லேப்ல மட்டும் ஒருத்தன்கூட லீவு போட மாட்டான். ஒருநாள் ஒரு பொண்ணுக்குக் காய்ச்சல், மூக்கை உறிஞ்சிக்கிட்டே வந்து நிக்குது. "வீட்டுக்குப் போம்மா"ன்னா, "இல்ல சார், கம்பி உடைஞ்சதும் போறேன்" அப்படிங்குது. மெக்கானிக்கல் பசங்க வேற, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெளியில நிப்பாங்க. வேற டிபார்ட்மென்ட்டுப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு ஆர்வம் இருக்கும்னு நான் நெனக்கவே இல்ல. உடைஞ்சதும் எல்லாரும் ஒரு சிரிப்புச் சிரிப்பாங்க பாருங்க. பயம் விலகினா மனுசனுக்குச் சிரிப்பு வரும். அது மனோதத்துவம்.

செமஸ்டர் கடைசியில வாத்தியாரைப் பத்தி மாணவர்கள் கருத்து எழுதணும். என்னோடதுல என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? 'லேப் மிகவும் ஆர்வமாக உள்ளது. வாரத்துக்கு ஒரு கம்பி போதாது. இன்னும் நிறைய கம்பிகள் உடைக்க வேண்டும்.' ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, முக்காவாசிப் பேர் அதே மாதிரி. நான் சந்தோசப்பட்டு எங்க துறைத் தலைவர் ஹெப்சிபா மேடம்கிட்டக் காட்டினேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. ரொம்ப நேரம் துடைச்சாங்க. அப்புறம், "கம்பிக்கு பட்ஜெட் இல்ல மாரீஸ்வரன்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஒரு பாராட்டு இல்ல.

மேடம் அப்படித்தான். எனக்கு அவங்க மேல வருத்தம் உண்டு, மறைக்கல. நான் பாடம் எடுக்கும்போது ஜன்னல் ஓரமா வந்து நின்னு கேப்பாங்க. எதுக்குன்னு நெனக்கறீங்க? தப்பு கண்டுபிடிக்கத்தான். சாயங்காலம் கூப்பிட்டு, "அந்த செருப்பு வார் உதாரணம் சொன்னீங்களே, அதை இனிமே எல்லா வருசமும் சொல்லுங்க"ன்னு கட்டளை போடுவாங்க. எனக்குன்னு ஒரு சுதந்திரம் கிடையாது. நான் மத்தியானம் சாப்பிடாம நோட்டுத் திருத்தினா ஆள் அனுப்பி டிபன் பாக்ஸைத் தெறந்துட்டாரான்னு பாத்துட்டு வரச் சொல்லுவாங்க. வேவு பாக்கறதுக்கும் ஒரு அளவு இல்லையா?

சரி, விசயத்துக்கு வர்றேன்.

எங்க இடத்துல மொத ரெண்டு வருசம் தகுதிகாண் காலம். முடியுறப்ப வெளியூர்ல இருந்து ஒரு நிபுணர் வந்து, வாத்தியார் பாடம் எடுக்கறதை உக்காந்து பாத்து, இவரை வெச்சுக்கலாம், இல்ல வேண்டாம்னு எழுதிக் குடுப்பார். எனக்கு முன்னால இருந்தவரை வேண்டாம்னுட்டாங்க. இப்ப அவர் ஊருக்குப் போய் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். நல்லா ஓடுதாம். ஆனா எங்கப்பா ஜெராக்ஸ் கடைக்குக் கார்டு அடிக்கலையே.

நான் என்ன பண்ணேன், வகுப்பறையில தியரி எடுக்கலாம்னு ஸ்லைடு எல்லாம் ரெடி பண்ணேன். படம், நெறம், எழுத்து ஓரத்துல இருந்து பறந்து வர்ற மாதிரி. அப்பத்தான் வேந்தர் கூப்பிட்டுச் சொன்னார், "தம்பி, நிபுணர் வர்ற அன்னைக்கு நம்ம மிஷின் ஓடணும்." அவருக்கு அந்த மிஷின் மேல அப்படி ஒரு பிரியம். அமைச்சர் வந்தாலும் அதைத்தான் காட்டுவார், சம்பந்தி வந்தாலும் அதைத்தான் காட்டுவார். அதுக்கு எலுமிச்சம்பழம் மிளகா கட்டித் தொங்க விட்டிருக்கார். ஆயுத பூசைக்கு வெச்ச சந்தனம் இன்னும் டயல் ஓரத்துல இருக்கு.

அங்கதான் வந்துச்சு வினை. ஏன்னா யோசிச்சுப் பாருங்க. பிள்ளைங்க கம்பியைப் பாப்பாங்க. நிபுணர் பாக்க மாட்டார். அவர் வாழ்க்கையில எத்தனை கம்பி உடைஞ்சு பாத்திருப்பார். அவர் என்னைத்தான் பாப்பார். அத்தனை பேர்ல அவர் ஒருத்தர்தான் என்னைப் பாப்பார்.

மேடம்கிட்டப் போய், "லேப் வேண்டாம் மேடம், தியரி எடுக்கறேன்"னு கேட்டுப் பாத்தேன். "ஏன்?"னாங்க. வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்ல முடியல. "சத்தம் ஜாஸ்தியா இருக்கும், நிபுணர் வயசானவர்"னேன். மேடம் என்னையே பாத்தாங்க. "அவர் தாங்கிக்குவார். நீங்க போய் நிம்மதியா இருங்க"ன்னாங்க. அவ்வளவுதான். ஒரு உதவி இல்ல.

நான் பயிற்சி பண்ண ஆரம்பிச்சேன். எங்க லேப்ல மிஷினை ஓட்டுறவர் கருத்தப்பாண்டி அண்ணன். அவர்கிட்டச் சொல்லி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கதவைச் சாத்திக்கிட்டு, நான் செவுத்தைப் பாத்து நிப்பேன், அவர் எனக்குப் பின்னால ஒரு இரும்பு எடைக்கல்லைப் பலகை மேல போடுவார். எப்பப் போடுவார்னு சொல்ல மாட்டார். போட்டதும் குதிப்பேன். "தம்பி, நேத்தைவிட இன்னைக்குக் கொஞ்சம் ஒசரமா இருக்கு"ம்பார். அவரும் நல்லவர்தான், மனசுல பட்டதைச் சொல்லிருவார்.

ஒருநாள் குதிச்சுட்டுத் திரும்பறேன், வாசல்ல காளீஸ்வரி நிக்குது. வகுப்புத் தலைவி அது. ரெக்கார்டுல கையெழுத்து வாங்க வந்திருக்கு. எவ்வளவு நேரமா நிக்குதுன்னு தெரியல. "என்ன சார் பண்றீங்க?"ன்னு கேட்டுச்சு.

"நிபுணர் வர்றாரும்மா. அதுக்கு ஒரு முன்னேற்பாடு."

அது எடைக்கல்லைப் பாத்துச்சு, கருத்தப்பாண்டி அண்ணனைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. "உங்க வேலைக்கு ஏதும் பிரச்சனையா சார்?"

பிள்ளைங்ககிட்டப் பொய் சொல்ல வராது எனக்கு. "அவர் நல்லபடியா எழுதிக் குடுக்கணும்மா, அவ்வளவுதான்"னேன்.

அது நோட்டை எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போச்சு. போய்த் திரும்பி நின்னு, "சார், அன்னைக்கு நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க? டயல் பக்கமா, ஜன்னல் பக்கமா?"

"டயல் பக்கம். ஏம்மா?"

"சும்மா சார். ஒண்ணும் ஆகாது சார். நாங்க இருக்கோம்ல." போயிருச்சு.

நல்ல பிள்ளை. ஆனா பாருங்க, நிபுணர் வர்றதுக்கு நாலு நாள்தான் இருக்கு, நான் இங்க உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன், இந்தப் பிள்ளைங்களுக்கு விளையாட்டுப் புத்தி போகல. மறுநாள் சாயங்காலம் வராண்டாவுல போறேன், என் வகுப்பு மொத்தமும் நின்னு டான்ஸ் பழகுது. காலேஜ் டே வரப் போகுதுல்ல. பாட்டுக்கூட இல்ல அண்ணாச்சி. கடைசி பெஞ்சு ரூபன் ஒரு டிபன் பாக்ஸை ஓங்கித் தரையில போடுறான், எல்லாரும் ஒண்ணாக் குதிக்கிறாங்க. மறுபடி போடுறான், மறுபடி குதிக்கிறாங்க. குதிச்சுட்டுப் பின்னால ரெண்டு அடி வைக்கிறாங்க, நெஞ்சுல கை வைக்கிறாங்க. இந்தக் காலத்து டான்ஸே எனக்குப் புரியுறதில்ல.

என்னைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாங்க. ரூபன் டிபன் பாக்ஸை முதுகுக்குப் பின்னால ஒளிச்சான். எனக்குக் கோவம் வந்துருச்சு. திட்டத் தெரியாது எனக்கு. "படிப்பையும் கொஞ்சம் பாருங்கப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு நேரா மேடம் ரூமுக்குப் போனேன்.

"வராண்டாவுல டான்ஸ் ஆடுறாங்க மேடம்."

"பாத்தேன்"னாங்க.

"நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"சொல்லிட்டேனே. ரெண்டாவது வரிசை ஒரு நொடி லேட்டாக் குதிக்குது, சேந்து குதிங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

எப்படி இருக்கும் எனக்கு? ஒரு துறைத் தலைவர், வாழ்க்கையே போகப் போற ஒரு உதவிப் பேராசிரியர்கிட்ட இப்படிப் பேசலாமா? கலை முக்கியம்தான். அதுக்குன்னு நேரம் காலம் இல்லையா? அன்னைக்கு நான் அவங்களுக்கு வணக்கம் சொல்லாமலே வீட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாப்ல மனசு கேக்கல, திரும்ப வந்து சொல்லிட்டுப் போனேன்.

விருதுநகர் வந்துருச்சா? பஸ் நிக்குமா இங்க? நீங்க டீ குடிக்கணும்னா இறங்குங்க, நான் சீட்டைப் பாத்துக்கறேன். வேண்டாமா? கதையைச் சொல்லவா? சரி.

அந்த நாள் வந்துச்சு. நான் ரெண்டு ஏற்பாடு பண்ணியிருந்தேன். ஒண்ணு, காதுல பஞ்சு. எங்கம்மா விளக்குத் திரிக்கு வெச்சிருந்த நல்ல பஞ்சு. ரெண்டு, கருத்தப்பாண்டி அண்ணனோட பாதுகாப்பு பூட்ஸ். முன்னால இரும்பு வெச்சது, காலுக்கு ரெண்டு சைஸ் பெருசு. அதைப் போட்டுக்கிட்டு நடக்கறதே பாடு, அப்புறம் எங்க குதிக்கிறது.

நிபுணர் கோயமுத்தூர்ல இருந்து வந்திருந்தார். ஒல்லியான மனுசன், வெள்ளைச் சட்டை, ஒரு வார்த்தை பேசல. அவர் பக்கத்துல வேந்தர். இந்தப் பக்கம் மேடம். பிள்ளைங்க மிஷினைச் சுத்தி ரெண்டு வரிசையா நின்னாங்க, இடைவெளி விட்டு. இவ்வளவு ஒழுங்கா நின்னு நான் பாத்ததே இல்ல. ஜன்னல்ல மெக்கானிக்கல் பசங்க வழக்கம்போல.

ஆரம்பிச்சேன். கம்பியைக் காட்டினேன், அளவு எடுக்கச் சொன்னேன், தாடையில மாட்டினோம். கருத்தப்பாண்டி அண்ணன் வால்வைத் தெறந்தார். முள் ஏறுது. நான் விளக்கம் சொல்றேன், எனக்கே என் குரல் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. முள் ஒரு இடத்துல தயங்குது, மறுபடி ஏறுது, உச்சிக்குப் போகுது, நிக்குது. திரும்புது. கழுத்து விழ ஆரம்பிச்சிருச்சு.

நான் நெனச்ச மாதிரியே நிபுணர் கம்பியைப் பாக்கல. என்னைப் பாத்துக்கிட்டு இருந்தார்.

அந்த நேரத்துல தற்செயலா ரூபனைப் பாத்தேன் அண்ணாச்சி. எனக்குப் பக்கத்துலதான் நின்னான். முட்டி ரெண்டையும் மடக்கி, பல்லைக் கடிச்சு, முகமெல்லாம் வேர்த்து, கண்ணை எடுக்காம காளீஸ்வரியையே பாத்துக்கிட்டு இருக்கான். மயங்கி விழப் போறான்னு நெனச்சேன். காலையில சாப்பிட்டிருக்க மாட்டான், ஹாஸ்டல் பையன். முன்னால விழுந்தான்னா மிஷின் மேலதான் விழுவான். எனக்கு கம்பி, நிபுணர், வேலை எல்லாம் மறந்து போச்சு. அந்த பூட்ஸை இழுத்துக்கிட்டு ஒரு எட்டு வெச்சு அவன் தோளைக் கெட்டியாப் பிடிச்சேன்.

டமார்.

மொத்த வகுப்பும் குதிச்சுது அண்ணாச்சி. முன் வரிசை, பின் வரிசை, எல்லாம். ஒரே நேரத்துல. ரூபன் என் கையை உதறிக்கிட்டு மேல போனான். ஜன்னல்ல மெக்கானிக்கல் பசங்ககூடக் குதிச்சாங்க. அப்புறம் எல்லாரும் பின்னால ரெண்டு அடி வெச்சாங்க, நெஞ்சுல கையை வெச்சாங்க. வேந்தரும் குதிச்சார், அவர் துண்டு கீழ விழுந்துருச்சு. எலுமிச்சம்பழம் கயிறு அறுந்து உருண்டு போச்சு.

நடுவுல நான் ஒருத்தன் மட்டும் தூண் மாதிரி நிக்கிறேன்.

பிள்ளைங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க. வாயைத் தெறந்துக்கிட்டுப் பாக்கறாங்க. காளீஸ்வரிக்கு முகமே மாறிப் போச்சு. பாவம், அவ்வளவு பயந்திருக்கு. மேடம் திரும்பிச் செவுத்தைப் பாத்து நின்னுக்கிட்டு கண்ணாடியைத் துடைக்கறாங்க. தோள் குலுங்குது. இருமல்னு நெனக்கறேன், அவங்களுக்கு ஈஸ்னோபீலியா உண்டு.

வேந்தர் துண்டை எடுத்துக்கிட்டு, "என்னம்மா இந்தப் பிள்ளைங்க இப்படித் தவ்வுதுங்க?"ன்னு கேட்டாராம். மேடம், "நம்ம மிஷின் அப்படி சார். பவர் ஜாஸ்தி"ன்னாங்களாம். வேந்தருக்கு ஒரே பெருமை. இதெல்லாம் கருத்தப்பாண்டி அண்ணன் அப்புறம் சொன்னது. எனக்குத்தான் பஞ்சாச்சே.

நிபுணர் வாயசைச்சு என்னமோ கேக்கறார். நான் தலையாட்டினேன். மறுபடி கேக்கறார். மறுபடி தலையாட்டினேன். அப்புறம் எனக்கே இது சரியில்லன்னு தோணிருச்சு. கேக்காமலே கேட்ட மாதிரி நடிக்கிறது பொய்தானே. பஞ்சை எடுத்து உள்ளங்கையில வெச்சு அவர்கிட்டக் காட்டினேன். "மன்னிச்சுக்குங்க சார், காதுல பஞ்சு வெச்சிருக்கேன். நீங்க கேட்டது விழல."

அவர் பஞ்சைப் பாத்தார். பூட்ஸைப் பாத்தார். மொத தடவையாச் சிரிச்சார். "உங்களுக்கு வெச்சுக்கிட்டீங்க, சரி. பிள்ளைங்களுக்கு? பாத்தீங்களா, எப்படிப் பதறிட்டாங்க."

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு அண்ணாச்சி. உண்மைதானே. நான் என் வேலையைப் பத்தியே நெனச்சு என் காதை மட்டும் அடைச்சுக்கிட்டேன். ரெண்டு வருசமா என் லேப்புக்கு வந்த பிள்ளைங்க ஒவ்வொரு வாரமும் இப்படிப் பயந்து குதிச்சிருக்கும்போல. நான் கவனிச்சதே இல்ல. எப்படிக் கவனிப்பேன், நானும் அப்ப காத்துலதானே இருந்திருக்கேன்.

அப்புறம் அவர் பிள்ளைங்ககிட்டத் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். "கம்பி இன்னும் உடையவே இல்ல, அதுக்குள்ள முள் ஏன் திரும்பி வருது? கம்பி பலம் போயிருச்சா?" கஷ்டமான கேள்வி. எம்.இ. படிக்கிறவங்களே தடுமாறுவாங்க.

காளீஸ்வரி கையைத் தூக்குச்சு. "பலம் போகல சார். பழைய ரப்பர் செருப்பு வார் அறுந்து போறதுக்கு முன்னால ஒரே ஒரு இடம் மட்டும் மெலிஞ்சு போகும்ல சார், அது மாதிரி. அகலம் கொறைஞ்சு போறதால மொத்தச் சுமை கொறையுது. ஆனா மெலிஞ்ச இடத்துல ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்குற இழுப்பு ஏறிக்கிட்டேதான் போகுது. மத்த இடமெல்லாம் சும்மா இருக்கும், அந்த ஒரு இடம்தான் இழுபடும். எங்க சார் அவர் செருப்பையே கழட்டிக் காட்டிச் சொன்னார் சார்."

ஆமா அண்ணாச்சி, கழட்டித்தான் காட்டினேன். அன்னைக்கு அந்த வார் நெஜமாவே அறுந்து போச்சு, வீடு வரைக்கும் ஒத்தைச் செருப்போட போனேன்.

நிபுணர் அப்புறம் ரூபன்கிட்ட ஒண்ணு கேட்டார், அவனும் சொன்னான். அப்புறம் ஒருத்தன், அப்புறம் ஒருத்தி. மூணு கேள்விக்கு ஒண்ணு தப்பு, மத்ததெல்லாம் சரி. நான் ஓரமா நின்னுக்கிட்டுப் பஞ்சைத் திரிச்சுக்கிட்டே இருந்தேன். விளக்கே ஏத்திரலாம், அப்படித் திரிச்சுட்டேன்.

அறிக்கையில என்ன எழுதினார் தெரியுமா? 'பாடம் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பேரொலியிலும் அசையாத நிதானம் உள்ளவர். மாணவர்களின் பாதுகாப்பை முதலில் பார்க்கிறார். வைத்துக்கொள்ளலாம்.' மேடம் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினாங்க. அந்த நிதானம்ங்கிற இடத்துல மறுபடி இருமல் வந்துருச்சு அவங்களுக்கு. எனக்கு உறுத்திச்சு. "மேடம், நிதானம்னு எழுதியிருக்கறது சரியில்ல. அது பூட்ஸ்"னேன். "மாரீஸ்வரன், வாயை மூடிக்கிட்டு ஆர்டரை வாங்கிட்டுப் போங்க"ன்னாங்க. நல்ல செய்தி சொல்லும்போதுகூட அப்படித்தான் பேசுவாங்க அவங்க. கொணம்.

எங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணேன். "இப்பவாவது அந்த உதவியை அழிக்கலாமாடா?"ன்னு கேட்டார். "இல்லப்பா, இப்பவும் உதவிதான், ஆனா நிரந்தர உதவி"ன்னேன். அது போதும்னுட்டார். சாயங்காலம் டீக்கடையில எல்லாருக்கும் வடை வாங்கிக் குடுத்தாராம்.

இதுல அதிசயம் என்னன்னா, அடுத்த வெள்ளிக்கிழமை. அதே லேப், அதே பிள்ளைங்க. பூட்ஸைத் திருப்பிக் குடுத்துட்டேன், பஞ்சும் வைக்கல. ஏன்னா பஞ்சு வெச்சா பிள்ளைங்க கேக்கற சந்தேகம் காதுல விழ மாட்டேங்குது. கம்பி உடைஞ்சுது. நான் குதிச்சேன். நிமிந்து பாக்கறேன், ஒரு பிள்ளை குதிக்கல. ஒருத்தர்கூட இல்ல. அப்படியே நிக்கிறாங்க. சிரிக்கிறாங்க, கையைத் தட்டுறாங்க. ரூபன் விசிலே அடிச்சுட்டான். ஒரே வாரத்துல பயம் தெளிஞ்சிருச்சு பாருங்க. அன்னைக்கு நிபுணர் முன்னால ஒரு தடவை நல்லாப் பயந்தாங்கல்ல, அதோட போயிருச்சு. சின்னப் பிள்ளைங்க எவ்வளவு சீக்கிரம் கத்துக்கறாங்க. எனக்கு இத்தனை வருசமா முடியல.

டான்ஸா? காலேஜ் டேயில ஆடவே இல்ல அண்ணாச்சி. அதுதான் எனக்கும் புரியல. அவ்வளவு பழகிட்டு மேடையே ஏறல. நான் அன்னைக்குச் சொன்னது மனசுல பட்டிருக்கும்போல. கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேனோன்னு இப்ப வருத்தமா இருக்கு. காளீஸ்வரிகிட்டக் கேட்டேன், "ஏம்மா ஆடல?"ன்னு. "ஆடி முடிச்சிட்டோம் சார்"னுட்டுப் போயிருச்சு. எப்ப ஆடினாங்க, எங்க ஆடினாங்க, நான் பாக்கவே இல்ல.

பயம் தெளிஞ்சாலும் காது காதுதானே. நிபுணர் கேட்டது மனசுல இருந்துக்கிட்டே இருந்துச்சு. அதான் நிரந்தரம் ஆன மொத சம்பளத்துல மதுரைக்குப் போய் டவுன் ஹால் ரோடு பூரா தேடி வாங்கிட்டு வர்றேன். மஞ்சக் கலர். பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி, கருத்தப்பாண்டி அண்ணனுக்கு ஒண்ணு, ஜன்னல்ல நிக்கிற மெக்கானிக்கல் பசங்களுக்குக்கூடச் சேத்துத்தான் வாங்கியிருக்கேன். ஆர்வமா வர்றாங்க, அவங்களை மட்டும் விட முடியுமா?

என்ன அண்ணாச்சி, இப்படிச் சிரிக்கிறீங்க. கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இந்தாங்க, கர்ச்சீப். என்ன கேட்டீங்க?

எனக்கா? எனக்கு வாங்கல. எனக்கு எதுக்கு? பிள்ளைங்க கேக்கறது காதுல விழணுமே. அவங்க பயப்படாம நின்னு கம்பியைப் பாத்தாப் போதும். நான் ஒருத்தன் ஓரத்துல குதிக்கிறதை யாரு பாக்கப் போறா?